பரம்பரையும் குருதியும்



"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவோர் தொட்டிலை எட்டிப் பார்த்து, மூக்குத் தகப்பனுடையது, கண் அம்மம்மாவுடையது, நிறம் மாமனுடையது என்று பங்கு பிரித்துக் கொடுப்பதைக் கேளாதவர் இலர். இவ்வியல்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன? பேரனிடம் காணப்பட்ட ஒன்று மகனிடம் காணாது மறைந்து, பின்னர் பேரப்பிள்ளையிடம் மீண்டும் தலைகாட்டுவது எங்ஙனம்? இவ்வினாக்களை ஆராயும் துறை பிறப்புரிமையியல் எனப்படும்.

இத்துறையின் அடிப்படைகளை இன்று ஒரு நோயைத் துணையாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அந்நோயின் பெயர் தலசீமியா. பரம்பரை என்பது உண்மையில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை இதனைப் போலத் தெளிவாகக் காட்டும் நோய்கள் சிலவே. அன்றியும், இது எங்கோ தொலைதூரத்தில் உள்ளோரின் நோயன்று, இலங்கையிலும் உள்ளது. ஒரு துளி அறிவிருந்தால் பெரும்பாலும் தவிர்க்கத்தக்கதாகவும் உள்ளது.

முதலில் ஒரு தோட்டத்துக்குச் செல்வோம். இன்று செக் நாட்டில் உள்ள புருனோ நகரத்து மடமொன்றிலே, கிரெகர் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்து வந்தார். உருண்டை விதையுடைய செடியையும் சுருங்கிய விதையுடைய செடியையும் அவர் கலந்தபோது, பிறந்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்தொழிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆயின் அவ்விதைகளை முளைக்கவைத்து அடுத்த தலைமுறையைப் பெற்றபோது, 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம். மறைந்தது அழியவில்லை, ஒளிந்திருந்தது.

மெண்டல் இதிலிருந்து பெற்ற முடிபு ஆழமானது. ஒவ்வோர் இயல்புக்கும் ஒவ்வோர் உயிரியிலும் இரண்டு அலகுகள் உள. ஒன்று தந்தை வழி, மற்றது தாய் வழி. அவை பாலும் நீரும் போலக் கலந்து விடுவதில்லை. பையிலுள்ள இரண்டு நாணயங்களைப் போலத் தனித்தனியே நிற்கின்றன. பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றே செல்லும். எது செல்லும் என்பது தற்செயல். இரண்டும் வேறுபட்டிருப்பின் ஒன்று வெளியே தோன்றும், அது ஆட்சியுடையது. மற்றது மறைந்திருக்கும், அது பின்னிடைவானது. இதனை மெண்டல் 1865இல் ஒரு கழகத்தின் முன் எடுத்துரைத்து, 1866இல் அச்சிட்டார். உலகம் அதனை உணர்ந்துகொண்டது 1900இலேதான். அவரோ 1884இலேயே காலமாகிவிட்டார்.

மெண்டல் கூறிய அலகு எங்கே இருக்கிறது? நம் உடல் எண்ணிலடங்காக் கலங்களால் ஆனது. பெரும்பாலான கலங்களின் உள்ளே கரு என்னும் பகுதி உண்டு. அக்கருவினுள் நிறமூர்த்தங்கள் என்னும் நூல் போன்ற பொருள்கள் உள்ளன. மனிதனுக்கு இவை 46, அதாவது 23 சோடி. சோடிக்கு ஒன்று தந்தையிடமிருந்தும் ஒன்று தாயிடமிருந்தும் வந்தவை. இவ்வெண்ணிக்கை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது 1956இலேதான் என்பது வியப்பன்றோ? அதற்கு முன்னர் பல ஆண்டுகளாக 48 என்றே நூல்கள் கூறிவந்தன.

நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரைப் பொருள் டீ.என்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமிலமாகும். அதுவே பரம்பரைச் செய்தியைத் தாங்குவது என்பதை 1944இல் ஒஸ்வால்ட் ஏவரியும் அவருடைய துணைவரும் பற்றீரியாக்களைக் கொண்டு காட்டினர். அதன் அமைப்பு 1953இல் வெளியாயிற்று. ரோசலின்ட் பிராங்கிளின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு எடுத்த படங்களும் அளவுகளும் துணைநிற்க, ஜேம்ஸ் வாற்சனும் பிரான்சிஸ் கிறிக்கும் அது முறுக்கிய நூலேணி போன்றது எனக் கண்டனர். அந்த ஏணியின் படிகள் நான்கு வகை மூலங்களால் ஆனவை: அடினின், தைமின், குவானின், சைற்றோசின். அடினினுக்கு எதிரே எப்பொழுதும் தைமினே நிற்கும். குவானினுக்கு எதிரே சைற்றோசினே நிற்கும். ஆகவே ஏணியை நடுவே பிளந்தால், ஒரு பாதியைக் கொண்டு மறுபாதியை எழுதிவிடலாம். கலம் இரண்டாகப் பிரியும்போது பரம்பரைச் செய்தி பழுதுபடாமல் இரண்டு கலங்களுக்கும் சென்றடைவது இவ்வாறே.

நான்கு மூலங்களையும் நான்கு எழுத்துக்கள் எனக் கொள்வோம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து நமக்குக் கிடைக்கும் ஏடு ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்கள் கொண்டது. அவ்வாறான இரண்டு ஏடுகள் ஒவ்வொரு கலத்திலும் உள்ளன. இத்துணைப் பெரிய ஏட்டிலே என்னதான் எழுதப்பட்டிருக்கிறது? அதன் ஒரு முக்கியமான பகுதி, புரதங்களை ஆக்கும் குறிப்புக்களே. நாம் பரம்பரை அலகு என்று கூறுவது, பெரும்பாலும், ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு எழுதப்பட்ட ஒரு துண்டையே.

புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களை மணிகள் போலக் கோத்த மாலைகள். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற ஒழுங்கே ஒரு புரதத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. நான்கு எழுத்துக்களைக் கொண்டு இருபது மணிகளைக் குறிப்பது எப்படி? மும்மூன்று எழுத்துக்களாகச் சேர்த்து வாசிப்பதனால். அவ்வாறு சேர்த்தால் 64 சொற்கள் உண்டாகும். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் "இத்துடன் நிறுத்துக" என்னும் கட்டளைகள். இந்த அகராதியின் முதற் சொல்லை 1961இல் நிரென்பேர்க்கும் மத்தேயும் கண்டறிந்தனர். பஞ்சாபிலே பிறந்த ஹர் கோபிந்த் குரானா முதலானோரின் உழைப்பால் 1966 அளவில் அகராதி முழுமை பெற்றது. குரானா, நிரென்பேர்க், ஹொலி ஆகிய மூவருக்கும் 1968இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, கலம் புரதம் ஆக்கும் முறையைக் காண்போம். ஒரு காணியின் மூல உறுதி பத்திரமாக ஓரிடத்தில் இருக்க, அலுவல்களுக்கு அதன் பிரதியை எடுத்துச் செல்வது நம் வழக்கமல்லவா? கலமும் அவ்வாறே செய்கிறது. டீ.என்.ஏ. கருவை விட்டு வெளியேறுவதில்லை. வேண்டிய பகுதிக்கு மாத்திரம் ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அப்பிரதியில் தைமினுக்குப் பதிலாக யுராசில் என்னும் மூலம் இடம்பெறும். பிரதி எடுத்த பின் இன்னொரு வேலையும் உண்டு. நம் பரம்பரை அலகுகளின் நடுவே, புரதத்துக்கு வேண்டாத இடைச்செருகல்கள் உள்ளன. இவ்வுண்மை 1977இல் வெளிப்பட்டது. அவற்றை நறுக்கி நீக்கி, வேண்டிய பகுதிகளை ஒட்டிய பின்னரே பிரதி கருவுக்கு வெளியே செல்லும்.

வெளியே இறைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறைகள் காத்திருக்கின்றன. பிரதி அதனூடு செல்லச் செல்ல, மூன்று மூன்று எழுத்துக்களாக வாசிக்கப்படுகிறது. சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உரிய அமினோ அமிலங்களைச் சுமந்துவந்து கொடுக்க, மாலை நீள்கிறது. நிறுத்தச் சொல் வந்ததும் மாலை அறுந்து விலகுகிறது. இப்பட்டறையின் அமைப்பை அணு அணுவாக ஆராய்ந்து கண்ட மூவருக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர்களுள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்திலே பிறந்தவர் என்பது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது.

நேயர்களே, இவ்வளவும் தலசீமியாவுக்கு முன்னுரையாக அமைந்தன.

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்னும் புரதம். நுரையீரலில் ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு சென்று கொடுப்பது அதன் தொழில். பிறந்து வளர்ந்தவர்களின் ஈமோகுளோபினில் இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும், நான்கு இரும்பணுக்களும் உண்டு. பீற்றாச் சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது. அதற்குரிய பரம்பரை அலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. என்பு மச்சையிலே ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ இருபது இலட்சம் செங்குருதிக் கலங்கள் உண்டாகின்றன. ஒவ்வொன்றிலும் ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஏறக்குறைய இருபத்தேழு கோடி. இத்தனை பெரிய உற்பத்தியில் அல்பாவும் பீற்றாவும் சமமாக ஆக்கப்பட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

ஏட்டைப் படியெடுக்கையில் எழுத்துப் பிழை நேர்வதுண்டு. "வாழை வாங்கி வா" என்று எழுதவேண்டிய இடத்தில் ஒருவர் "வாளை வாங்கி வா" என்று எழுதிவிட்டால், பழம் வரவேண்டிய வீட்டுக்கு மீன் வந்து சேரும். பரம்பரை ஏட்டிலும் அத்தகைய பிழைகள் உண்டு. பீற்றா அலகின் இருபத்தாறாம் சொல்லிலே குவானின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் அடினின் அமைந்துவிட்டால், குளூற்றாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் என்னும் மணி கோக்கப்படும். இதுவே ஈமோகுளோபின் ஈ. மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. அது எந்த மணியையும் மாற்றுவதில்லை. முதலாவது இடைச்செருகலின் ஐந்தாம் எழுத்து குவானினாக இருப்பதற்குப் பதிலாகச் சைற்றோசினாக இருக்கிறது, அவ்வளவே. ஆனால் எங்கே நறுக்கவேண்டும் என்பதை உணர்த்தும் அடையாளம் அதனாற் குழம்பிவிடுகிறது. பிரதிகள் பிழையான இடங்களில் நறுக்கப்பட்டு வீணாகின்றன. பீற்றாச் சங்கிலியின் உற்பத்தி மிகவும் குன்றுகிறது. இலங்கையிலும் இந்திய உபகண்டத்திலும் காணப்படும் பீற்றாத் தலசீமியாவுக்கு முதன்மையான காரணங்களுள் இவ்வொற்றை எழுத்து ஒன்றாகும்.

பீற்றா குன்றினால் என்ன நேரும்? அல்பாச் சங்கிலிகள் துணையின்றித் தேங்கிப் படிந்து, செங்குருதிக் கலத்தை அது முதிர்ச்சியடையும் முன்னரே என்பு மச்சையிலே கொன்றுவிடுகின்றன. சங்கிலிகளின் இச்சமநிலைக் குலைவை 1965இல் அளந்து காட்டியோருள் ஒருவர் ஆங்கிலேய மருத்துவர் டேவிட் வெதரால். அவர் 1950களின் இறுதியில் சிங்கப்பூரிலே படை மருத்துவராகப் பணியாற்றியபோது, கூர்க்காப் படைவீரர் ஒருவரின் மகளிடம் இந்நோயைக் கண்டு அதில் ஈடுபாடு கொண்டவர். பிற்காலத்தில் அவருடைய குழுவினர் இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து நம் நாட்டிலும் நெடுங்காலம் இந்நோயை ஆராய்ந்தனர். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இன்று பணியாற்றி வருகிறது.

நோயுற்ற குழந்தை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். கருவிலிருக்கும் காலத்துக்குரிய வேறொரு ஈமோகுளோபின் அதனைச் சில மாதங்கள் காத்துநிற்பதே காரணம். அது குறையக் குறையக் குழந்தை வெளிறும், பாலுண்ண மறுக்கும், வளர்ச்சி தடைப்படும், மண்ணீரல் பெருத்து வயிறு உப்பும். குறையை ஈடுசெய்ய மச்சை அளவுக்கு மீறிப் பெருகுவதால் முக என்புகளும் உருமாறும். சில கிழமைகளுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், பிறர் குருதியை ஏற்றவேண்டும். அக்குருதியே வேறொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. உடலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பையே வெளியேற்ற வல்லது. எஞ்சியது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படியும். அதனை அகற்றும் மருந்தைப் பல பிள்ளைகள் இரவிரவாகத் தோலின் கீழ் ஊசி வழியே ஏற்றிக்கொண்டு உறங்கியிருக்கின்றனர். இப்பொழுது வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் உள்ளன. ஒழுங்காகச் சிகிச்சை பெறுவோர் படித்து, தொழில் செய்து, நெடுநாள் வாழ்வதைக் காண்கிறோம். ஆயினும் அப்பெற்றோர் படும் பாட்டை வார்த்தைகளால் அளந்துவிட முடியாது.

இப்பிழை நம்மிடையே ஏன் இத்துணைப் பரவியிருக்கிறது? 1949இல் ஹால்டேன் என்னும் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். பிழையை ஒரு பக்கத்தில் மாத்திரம் உடையவரை மலேரியா எளிதிற் கொல்வதில்லை என்பது அது. பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வாறான கொடுமைகளுக்கு நடுவே எத்தனையோ தலைமுறையாக நம் முன்னோருட் சிலரைக் காத்துநின்ற மாற்றமே இது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. காவல் செய்ய வேண்டிய பகை நீங்கிவிட்டது. காவலின் விலையை மாத்திரம் நம் குழந்தைகள் இன்னும் செலுத்தி வருகின்றனர்.

இனி, மெண்டலின் பட்டாணிக்குத் திரும்புவோம். பிழையுள்ள அலகு ஒன்றும் பழுதற்ற அலகு ஒன்றும் உடையவரைக் காவி என்பர். காவி நோயாளர் அல்லர். சிறிது வெளிறியிருக்கலாம், பெரும்பாலும் தாம் காவி என்பதையே அறியார். இலங்கையில் பீற்றாத் தலசீமியாக் காவிகள், இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், சராசரியாக நூற்றுக்கு இருவர் அளவில் உள்ளனர். காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால், பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. சிலர் காவிகளாகப் பிறப்பர். காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. காவியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு. முற்றும் பழுதற்றிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பீற்றாத் தலசீமியாக் காவியும் ஈமோகுளோபின் ஈ காவியும் மணந்தாலும் இதே கணக்கில் நோய் தோன்றலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். முதற்பிள்ளை நோயுற்றுப் பிறந்துவிட்டது. ஆகவே அடுத்த மூவரும் தப்பிவிடுவர் என்று சிலர் ஆறுதல் கொள்வர். நாணயத்தைச் சுண்டும்போது முன்னர் விழுந்தது பூவா தலையா என்பதை அது நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு கருவுக்கும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

நம்மவரிடையே மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. கணக்கை மாத்திரம் கூறுகிறேன். காவி ஒருவர் உறவல்லாத ஒருவரை மணக்கும்போது, அவரும் காவியாயிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. சொந்த மச்சாளை மணந்தால், பாட்டன் பாட்டி வழியே வந்த அதே பிழையை அவளும் பெற்றிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஒன்று. உறவுக்குள் மணம் பேசுவோர் குருதிப் பரிசோதனையை மறவாதிருப்பதற்கு இதுவே காரணம்.

பரிசோதனை கடினமானதன்று. சிறிதளவு குருதி போதும். செங்குருதிக் கலங்களின் பருமனும் அவற்றிலுள்ள ஈமோகுளோபினின் அளவும் முதலில் பார்க்கப்படும். கலங்கள் சிறியனவாயிருந்தால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தளந்து முடிவு செய்வர். இரும்புச் சத்துக் குறைவிலும் கலங்கள் சிறுக்கும். ஆதலால் தாமே முடிவுகட்டி இரும்பு மாத்திரை உட்கொள்வது முறையன்று. மணப் பேச்சுத் தொடங்குவதற்கு முன்னரே, இளமைப் பருவத்தில், இதனைச் செய்து வைத்துக்கொள்வது மிக நன்று. நாள் குறித்து அழைப்பிதழும் அச்சிட்ட பின்னர் வரும் செய்தி, இரண்டு குடும்பங்களையும் துயரில் ஆழ்த்தும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. சைப்பிரஸ் தீவில் ஏழு பேருக்கு ஒருவர் காவி. அங்கே 1970களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டமும், திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று வேண்டுமெனத் திருச்சபை வகுத்த விதியும், கருவிலேயே நோயைக் கண்டறியும் முறையும் சேர்ந்து, நோயுற்ற குழந்தைகளின் பிறப்பை ஏறத்தாழ இல்லையென்னும் அளவுக்குக் குறைத்துவிட்டன. மறுபுறம், சிகிச்சை முறைகளும் முன்னேறி வருகின்றன. உடன்பிறந்தாரின் பொருத்தமான மச்சையை ஏற்றி நோயைக் குணப்படுத்தும் முறை 1981இலிருந்து கையாளப்படுகிறது. பரம்பரை ஏட்டிலே ஓரிடத்தை நறுக்கி, கருக்கால ஈமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்யும் சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா முதன்முதலாக அனுமதி வழங்கியது. எனினும் அதற்காகும் பெருஞ்செலவு, அதனைச் சாதாரண மக்களுக்கு எட்டாததாகவே வைத்திருக்கிறது. ஒரு சிறு குருதிப் பரிசோதனையோ அனைவருக்கும் எட்டக்கூடியது.

முடிவாக ஒன்று. நோயுற்ற பிள்ளை பிறந்த வீட்டிலே, குற்றம் பெரும்பாலும் தாயின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. கிரகக் குற்றம் என்பர், கால் வைத்த வேளை என்பர், பழவினை என்பர். அறிவியல் கூறுவது வேறு. இந்நோய் தோன்ற வேண்டுமாயின் தந்தையும் தாயும் ஆளுக்கோர் அலகைச் சரிசமமாகக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் இருவரும் அதனை விரும்பிக் கொடுக்கவில்லை, அறிந்தும் கொடுக்கவில்லை. தத்தம் பெற்றோரிடமிருந்து பெற்றதையே கொடுத்தனர். காவி என்று அறியப்பட்ட பெண்ணையோ ஆணையோ மணத்துக்கு ஆகாதவர் என்று ஒதுக்குவதும் அறியாமையே. அவர் காவியல்லாத ஒருவரை மணப்பதில் இந்நோயைப் பற்றிய அச்சத்துக்கு இடமில்லை. நம் ஒவ்வொருவரின் ஏட்டிலும் ஏதேனும் சில எழுத்துப் பிழைகள் மறைந்தே கிடக்கின்றன. பிழையற்ற ஏடுடையவர் எவருமிலர்.

சாதகப் பொருத்தம் பார்ப்போர் பார்க்கட்டும். அதனோடு குருதிப் பொருத்தமும் பார்ப்போமாயின், நாளை பிறக்கவிருக்கும் குழந்தைக்கு நாம் செய்யும் முதல் உபகாரம் அதுவாகவே இருக்கும்.